கமலவேணி அக்கா கவிதைக்குக் கீழ 'அருமை' போடாதீங்க

காலையில ஏழே காலுக்கு மெசஞ்சர்ல கமலவேணி அக்கா பேர்ல கால். எடுத்தா வேற குரல்.

"அண்ணா, நான் செல்விங்க, அக்காகூட வேலை செய்யறவ. அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க... போனைத் தொறந்தா உங்க குரூப்புதான் மேல இருந்துச்சு. அதான் உங்களுக்குக் கூப்பிட்டேனுங்க."

'மூணு மணி டீ' குரூப்ல இருக்கறவங்களுக்கு அக்காவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. தெரியாதவங்களுக்கு... பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு மோட்டார் கம்பெனி, வைண்டிங் செக்‌ஷன். நாள் முழுக்க மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்துவாங்க, டீ டயத்துல போன்ல கவிதை டைப் பண்ணி எங்க குரூப்ல போடுவாங்க. நான் அந்த ஃபேஸ்புக் கவிதை குரூப்போட அட்மின்.

ரெண்டு மூணு வார்த்தைக்கு ஒரு தடவை என்டர் தட்டுறது அக்கா பழக்கம். கவிதைக்கு மட்டும் இல்ல, பிறந்தநாள் வாழ்த்துக்கும் அப்படித்தான்.

நாங்க பண்ணின கேவலம் அங்கதான் ஆரம்பம். ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா இப்படிப் போட்டிருந்தாங்க.

நாளைக்குக் காலையில
எனக்கு ஆபரேஷன்.
கூட இருக்க
ஆள் இல்ல.
யாராச்சும்
வர முடியுமா?

கீழ வரிசையா கமென்ட். "தனிமையின் வலி... அருமை அக்கா." "கடைசி வரியில கொன்னுட்டீங்க." ரோஜாப்பூ, கும்புடு, கைதட்டு.

நான் இன்னும் ஒரு படி மேல. பூ ஃப்ரேம் போட்டு 'இந்த வாரக் கவிதை'ன்னு பின் பண்ணி வெச்சேன்.

எந்த ஆஸ்பத்திரின்னு ஒருத்தர்கூடக் கேக்கல. ஒருத்தர்கூட.

நாலு நாள் கழிச்சு அக்கா ரிப்ளை பண்ணினாங்க. "அது கவிதை இல்லீங்க. நெசமாத்தான் கேட்டேன். மகளுக்கு ஓசூர்ல நெறமாசம், வர முடியல. பரவால்லீங்க, செல்வி லீவு போட்டுட்டு வந்துட்டா."

அதுக்குக் கீழயே இன்னொண்ணு. "வாரக் கவிதைன்னு போட்டத எடுத்துப்போடாதீங்க தம்பி. இப்பத்தான் மொத தடவ கெடச்சிருக்கு."

போத்தனூர் ஸ்டேஷன் வாசல்ல வண்டியை நிறுத்திட்டு அதைப் படிச்சேன்.

அடுத்த ஞாயிறு ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேக்கறதுக்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துட்டுப் போனவன், வாசல்ல நின்னு உடம்பு எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டேன்.

"உடம்பு கெடக்குதுங்க தம்பி. ஏனுங்க, நீங்கெல்லாம் அருமை அருமைங்கறீங்களே... படிச்சுப்போட்டுத்தான் சொல்றீங்களா?"

நான் ஆப்பிள் பையை நீட்டினேன். அக்கா வாங்கி ஓரமா வெச்சாங்க.

"நல்லா இல்லீன்னா நல்லா இல்லீன்னு சொல்லுங்க. எந்த வரின்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டனுங்க."

அன்னைக்கு சாயங்காலமே ரூல் போட்டேன். 'அருமை', 'சூப்பர்', பூ எதுவும் கூடாது. எந்த வரி பிடிச்சுது, எது பிடிக்கல, ஏன்... அதைச் சொல்லணும், இல்லைன்னா சும்மா இருக்கணும்.

பாதிப் பேர் குரூப்பை விட்டுப் போயிட்டாங்க. என்னைத் திட்டித் தனியா ஒரு குரூப் ஆரம்பிச்சாங்க, அங்க இப்பவும் ரோஜாப்பூதான். போகட்டும்.

நின்னவங்கள்ல அவிநாசியில உரக்கடை வெச்சிருக்கிற பழனிச்சாமி அண்ணன் ஒருத்தர். அக்கா 'கம்பி கருகுற வாசம்'னு எழுதினப்ப அவர் விடல. "செம்புக் கம்பிக்கு ஏதுங்க அம்மணி வாசம்?"

மறுநாள் டீ டயத்துல அக்கா பதில். "செக்‌ஷன்ல விசாரிச்சுப்போட்டேனுங்க. கருகறது கம்பி இல்ல, மேல பூசுன வார்னிஷ். நீங்க சொல்றதுதான் சரி. பாக்கறனுங்க."

மாத்தவே இல்ல. யார் எதைச் சொன்னாலும் 'பாக்கறனுங்க'ன்னு மரியாதையா சொல்லிட்டு, எழுதினதை அப்படியே விட்டுருவாங்க. எவ்வளவு எரிச்சலா இருக்கும் தெரியுமா... ஆனா யார் என்ன சொன்னாங்கன்னு ஒவ்வொண்ணும் ஞாபகம் வெச்சிருப்பாங்க.

இப்ப என் கதைக்கு வரேன்.

போன வாரம் அக்கா ஒரு கவிதை போட்டிருந்தாங்க. நான் ஆடிட் வேலையில இருந்தேன். ஒரு ஹார்ட்டைத் தட்டிட்டுக் கீழ இறங்கிப் போயிட்டேன்.

ரூல் போட்டவனே படிக்கல. செல்வி போனை வெச்சதுக்கு அப்புறம்தான் முதல் தடவையா அதைப் படிச்சேன். இதை மறைச்சுட்டு அஞ்சலி எழுத எனக்கு மனசு வரல.

அக்காவோட மகள் ஓசூர்ல இருந்து வந்துட்டு இருக்காங்க. மூணு மணிக்கு மேல எடுப்பாங்களாம். நானும் பழனிச்சாமி அண்ணனும் கிளம்பறோம். அன்னைக்குக் கூப்பிட்டும் நாம போகல, இன்னைக்கு முடிஞ்சவங்க வந்துருங்க.

வர முடியாதவங்க இங்க RIP போட வேண்டாம், பூவும் வேண்டாம். போட்டா டெலீட் பண்ணுவேன், கோவிச்சுக்காதீங்க. அக்காவோட கவிதை எல்லாம் குரூப்லயே இருக்கு. ஒண்ணை எடுத்துப் படிங்க, எந்த வரின்னு அதுக்குக் கீழ எழுதுங்க. நல்லா இல்லைன்னாலும் எழுதுங்க.

தினம் ஒரு கவிதைக்குக் கீழ நானும் எழுதப்போறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி. கடைசியா போட்டதுல இருந்து இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு.

டீ டயத்துல
மெஷினை நிறுத்தியாச்சு.
காதுக்குள்ள
இன்னும் ஓடுது.
செல்வி கூப்பிட்டா,
கேக்கல.
டீ
ஆறிப்போச்சு.

என் கமென்ட்: அக்கா, அந்த டீ வேண்டாங்க. 'கேக்கல'ன்னு முடிச்சுருங்க, அதுவே போதும். லேட்டா படிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க.

'பாக்கறனுங்க தம்பி'ன்னு சொல்லிட்டு மாத்த மாட்டீங்க, தெரியும்.

போயிட்டு வாங்கக்கா.