வால் பக்கத்து மூலை

என் அக்கா யாரையும் மன்னித்ததாக எனக்கு நினைவில்லை. சின்ன வயதில் என்னை அடித்த பக்கத்து வீட்டுக்காரியோடு இன்றுவரை முகம் கொடுத்துப் பேச மாட்டாள். அடி வாங்கிய நானே அவளோடு சினிமாவுக்குப் போய்விட்டு வந்தாயிற்று. அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒருத்தன், அதுவும் நாலு பேர் முன்னால், கண் சரியில்லை என்று சொன்னால் சும்மா விடுவாளா?

அவளுக்குப் பிழைப்பே கண்தான். விமானத்திலிருந்து நிலத்தைப் படம் பிடித்து வரைபடம் போடுகிற ஒரு கம்பெனியில் லென்ஸ் சோதிக்கும் வேலை. ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் கறுப்பு. ஒரு கோடியில் விளக்கும், அதன் முன்னால் மயிரிழையைவிட மெல்லிய கோடுகள் பொறித்த கண்ணாடித் தகடும் இருக்கும். நடுவில் குடம் அளவுக்கு லென்ஸ். மறு கோடியில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பாள். லென்ஸைத் துளித்துளியாகத் திருப்பி, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

"நடுவுல எந்த ஓட்டை லென்ஸும் நல்லாத்தான் காட்டும். ஓரத்துல என்ன லட்சணம்னு பாக்கணும்" என்பாள். பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றியும் இதையேதான் சொன்னாள், ஒருத்தனும் தேறவில்லை. ஆனால் வேலையில் அவள் சொன்னது சரி. ஒரு படத்தின் ஓரத்தை அடுத்த படத்தின் ஓரத்தோடு பொருத்தித்தான் வரைபடம் உண்டாகிறது. ஓரம் மங்கினால் மொத்தமும் வீண்.

ஒரு தடவை அப்படித்தான் ஆயிற்று. பெரிய அணைக்கட்டு வேலை, வந்த படங்களில் எல்லாம் ஒரு மூலை மங்கல். வேலை கொடுத்தவர்கள் விமானக் கொட்டகைக்கே வந்து கத்தினார்கள். முதலாளி கழுவுற மீனில் நழுவுற மீன். மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனசு வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். பைலட், மெக்கானிக், ஆபீஸ்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க அக்காவைக் கைகாட்டினான்.

"மட்டமான லென்ஸ இந்தம்மா நல்லதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கண்ணு சரியில்ல போல. வேற ஆள் போட்டுடறேன்."

"அதே லென்ஸ இப்பவே உங்க முன்னால திரும்ப வச்சுக் காட்டறேன். நீங்களே மைக்ராஸ்கோப்ல பாருங்க" என்றாள் அக்கா.

"போதும்மா. வீட்டுக்குப் போங்க."

நாக்கு மேல் பல்லைப் போட்டு எப்படித்தான் சொன்னானோ! சின்னத் தொழில் அது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதற்கப்புறம் அக்கா கையில் லென்ஸ் கொடுக்க ஆளில்லை. கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கண் சரியில்லாதவள் ஊருக்கெல்லாம் கண் பார்த்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

பல வருஷம் கழித்து அந்த மெக்கானிக் படிக்கிற கண்ணாடி வாங்க அந்தக் கடைக்கு வந்தான். அக்கா அவன் மூக்கில் பிரேமைப் பொருத்திக்கொண்டே கேட்டாள்.

"அப்புறம் லென்ஸ மாத்தியிருப்பீங்களே, மங்கல் போயிடுச்சா?"

"எங்கக்கா? அந்த வேலைய வாடகை பிளேன்ல முடிச்சோம். இப்ப பெரிய வேலை ஒண்ணு வந்திருக்கு, நம்ம பிளேன்லதான் எடுத்தாகணும். மறுபடி அதே தொல்லை. கேமராவையே அரை வட்டம் திருப்பி வச்சும் பாத்தாச்சு. அப்பவும் பிளேனோட வால் பக்கத்து மூலைதான் மங்குது."

அக்கா சிரித்தாளாம். அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள்.

"கேமராவுல கோளாறுன்னா, கேமரா திரும்பினா மங்கலும் கூடவே திரும்பணும்டி. திரும்பலன்னா கோளாறு பிளேன்ல இருக்கு. பிளேன் வயித்துல ஒரு கண்ணாடி பதிச்சிருப்பாங்க, அது வழியாத்தான் கேமரா கீழ பாக்குது. லென்ஸ சோதிக்கறாங்களே தவிர, அந்தக் கண்ணாடியக் கழட்டி எவனும் சோதிக்கற மேசைக்குக் கொண்டுவந்ததில்ல. அந்த மூலை திருகாணிய முறுக்கித் தள்ளியிருப்பாங்க, கண்ணாடி வளைஞ்சிருக்கு."

"போய்ச் சொல்லேன் அக்கா."

"எதுக்கு? அந்த முதலாளியே வரட்டும்."

வந்தான். அக்கா சிரித்ததை மெக்கானிக் போய்ச் சொல்லியிருக்கிறான். கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"ஒரு தடவ வந்து பாருங்கம்மா. இந்த வேலை போச்சுன்னா கம்பெனியே போச்சு."

"வரேன். அன்னிக்கு இருந்த உங்க ஆளுங்க எல்லாரும் இருக்கணும்" என்றாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

கொட்டகையில் எல்லோரும் நின்றார்கள். அக்கா விமானத்துக்கு அடியில் குனிந்து போனாள். கண்ணாடியின் விளிம்பை விரலால் தடவினாள், வால் பக்கத்துத் திருகாணியில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுடுச்சு. சொல்றேன். முன்னாடி நீங்க ஒண்ணு செய்யணும்."

"என்ன வேணும், கேளுங்க. தரேன்."

"எதுவும் தர வேணாம். அன்னிக்கு என் கண்ணுல தப்பில்லன்னு இவங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பைலட்டைப் பார்த்தான், மெக்கானிக்கைப் பார்த்தான். பிறகு அக்கா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஆபீஸ் ரூமுக்கு வாங்களேன், தனியாச் சொல்லிடறேன்."

"அன்னிக்குத் தனியாவா சொன்னீங்க?"

வாயைத் திறந்தான், மூடினான். சொல்லித் தொலையேன்டா என்று எனக்கே கத்தத் தோன்றியது. கடைசியில் டிரைவரைக் கூப்பிட்டான். "இவங்கள வீட்ல விட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

மெக்கானிக் கார் வரைக்கும் ஓடி வந்தான். "அக்கா, எனக்காவது சொல்லுங்க. கம்பெனிய மூடிட்டா எங்க கதி என்ன?"

"அன்னிக்கு நீயும்தான் அங்க நின்ன. எனக்காக ஒரு வார்த்தை பேசினியா?" என்று சொல்லிவிட்டுக் கார் கதவைச் சாத்தினாள்.

வேலை கைவிட்டுப் போயிற்று. கம்பெனியை மூடினார்கள், விமானம் விலைக்குப் போனது. சேதி கேட்டதும் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, மறைப்பானேன். இனிப்புப் பெட்டியோடு அக்காவிடம் போனேன். அக்கா அதைத் தொடக்கூட இல்லை.

"இன்னும் என்னக்கா? அவன்தான் நடுத்தெருவுக்கு வந்துட்டானே!"

"நெசமாவே என் கண்ணு மேல சந்தேகம் வந்துதான் அப்படிச் சொல்லிட்டான்னு மனசுக்குள்ள எங்கயோ நெனச்சுக்கிட்டிருந்தேன்டி. அப்படி நெனச்சவனா இருந்தா, தப்பா நெனச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கம்பெனியக் காப்பாத்தியிருப்பான். கம்பெனியே போனாலும் பரவால்லன்னு வாயத் தெறக்கலியே. தப்பு என்னோடது இல்லன்னு அவனுக்கு அன்னிக்கே தெரியும், தெரிஞ்சேதான் பழிய என் மேல போட்டான்."

அக்கா பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"அவனுக்கு இது பத்தாது" என்றாள்.