சிவப்பு ஸ்டிக்கரோடு மூன்று ஞாயிறுகள்

எடிசன் ஊரில் என் கார் அரசாங்க இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயிலானது. புகைச் சோதனையில்தான் கோளாறு. கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ரிப்பேர் பார்க்க அவகாசம் கொடுத்தார்கள். அதுவரை ஓட்டுவது சட்டப்படி சரி. விதியை வரிவரியாகப் படித்துவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினேன்.

பக்கத்து வீட்டு கவிதா அக்காவிடமும், "லீகல்தான்க்கா, பயப்படாதீங்க" என்றேன். அவருடைய எட்டு வயது மகள் தியாவை ஞாயிறுதோறும் பிரிட்ஜ்வாட்டர் பக்கம் தமிழ் வகுப்புக்கு அழைத்துப் போவது நான்தான்.

குளிருக்குக் கண்ணாடியை ஏற்றியிருப்போம். பின்சீட்டிலிருந்து தியா, "அங்கிள், மை ஹெட் ஹர்ட்ஸ்" என்பாள்.

"தமிழ் கிளாஸ்னாலே உனக்குத் தலைவலி வந்துடுமே" என்று சிரிப்பேன். மூன்றாவது ஞாயிறு அவள் பதில் சொல்லாமல் தூங்கிவிட்டாள்.

மறுநாள் மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்தி டார்ச் அடித்தார். பின்சீட்டுக்குக் கீழே சைலன்சர் குழாய் உடைந்திருந்தது. அதற்கு மேலே தரைத் தகட்டில் துருப்பிடித்து ஓர் ஓட்டை. அதில் விரலை விட்டுக் காட்டி, "பின்னாடி யார் உட்காருவாங்க?" என்று கேட்டார். ஓட்டை வழியாக உள்ளே வரும் இந்தப் புகையோடு இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் பின்னால் இருப்பவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள் என்றார்.

அங்கிருந்தே கவிதா அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தியாவை உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

அக்கா, "தலை வலிக்குதுன்னு உங்கிட்ட சொன்னாளா?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னாக்கா. நான்தான் நம்பல."

தியா இப்போது நன்றாக இருக்கிறாள். சட்டப்படி நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. அன்று போனில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.