பின் பிரிக்காத மாத்திரைக் கவர்

நான்கு வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்காகத் திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு நடந்துபோனபோது நடந்தது இது.

எனக்குப் பதினேழு வயதில் இருந்து வலிப்பு உண்டு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதில் மூன்று வருடமாக அது எட்டிப் பார்க்கவில்லை. வலிப்பு நின்றால் நடந்து வருவதாக முருகனிடம் வேண்டியிருந்தேன். மாலை போட்ட அன்றைக்குத்தான் அந்தக் கிறுக்குப் புத்தி வந்தது. குணமாக்கியதற்கு நன்றி சொல்லப் போகிறவள் மாத்திரையை முழுங்கிக்கொண்டே போனால், அவனை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நிறுத்திவிட்டேன். அந்த மாதத்துக்கு மருந்துக்கடையில் பின் அடித்துக் கொடுத்த மாத்திரைக் கவரை, கணவர் கண்ணில் படாமல் பயணப் பையின் அடியில் செருகி வைத்தேன்.

நான்காம் நாளே தூக்கம் போனது. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் உட்காரத் தோன்றும். தைக்க வந்திருந்த ஒரே ரவிக்கையின் கையை மூன்று முறை பிரித்துத் தைத்தேன். விரதம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "மாத்திர போட்டியா?" என்று கணவர் தினமும் கேட்பார். "போட்டாச்சு" என்பேன்.

எங்கள் தெருப் பெண்களோடு நடக்கக் கிளம்பினேன். அவர்களுக்கு என் நோய் தெரியாது. நடையின் இரண்டாம் நாள் காலை, அவர்களை முன்னால் போகவிட்டு, ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பந்தலில் மோர் வாங்கியது வரை ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது ரோட்டோரம் ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்குக் கீழே யாருடைய துண்டோ இருந்தது. "சாவியெல்லாம் கையில குடுக்க வேண்டாமுங்க, தள்ளி நில்லுங்க" என்று மோர் ஊற்றிய பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார். இரண்டடி தள்ளி லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அவரேதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேனா என்று டாக்டர் கேட்டார். நாக்கு கடிபட்டு ரத்தம் கசிந்த வாயால், ஒரு வேளைகூட விட்டதில்லை என்றேன். அப்படியானால் இந்த மருந்து கேட்கவில்லை, அளவைக் கூட்டி இன்னொன்றும் சேர்க்க வேண்டும் என்று அவர் எழுத ஆரம்பித்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆதார் அட்டை தேடி என் பையைத் திறந்திருந்த அந்தப் பெண், கவரை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பின்னுகூடப் பிரிக்கலீங்க டாக்டர்."

எனக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எழுதியதை அடித்தார். நிறுத்த ஆசைப்பட்டது தப்பில்லை, அதைத் தன்னிச்சையாக ஒரே நாளில் செய்ததுதான் தப்பு என்றார். பரிசோதித்துப் பார்த்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடியுமாம். சிலருக்கு அதுவும் முடியாதாம்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என் தலையைக் கோதிவிட்டார். "மாத்திரையத் தின்னுட்டு வந்தா மலையேற விடமாட்டேன்னு முருகன் சொன்னானா கண்ணு?"

அதன் பிறகு வலிப்பு வரவில்லை. போன மாதம்தான் என்னை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் முதல் முறையாக அளவைச் சற்றுக் குறைத்திருக்கிறார். கண் இமை துடித்தால்கூடப் பதறிப்போகிறேன், பதறியதை அவரிடம் மறைக்காமல் சொல்கிறேன். கணவர் கேட்கும் முன்பே மாத்திரை அட்டையைக் காட்டிவிடுகிறேன். முன்பின் தெரியாத அந்தப் பெண் அன்று என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால், டாக்டர் என் பொய்க்கு ஒரு மருந்து எழுதியிருப்பார், நானும் அதை வாங்கி விழுங்கியிருப்பேன்.