அறிக்கை சொல்லும் காரணம்

பயிற்சி மையத்தில் அவளுக்கு ‘நடப்பு’ என்று பெயர். நடப்பு நிகழ்வுகள் பாடம் எடுக்கிறவள் என்பதால் எந்தக் காலத்திலோ ஒரு மாணவன் வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. “இன்னைக்கு நடப்பு வருதா, லீவா?” என்று மாடிப்படியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். அவள் காதிலும் விழும். கோபித்துக்கொண்டதில்லை. கீழே டயர் கடை, மேலே மையம். ரப்பர் வாடையிலும் காற்றடிக்கும் இயந்திரத்தின் இரைச்சலிலும் தொண்டை கட்டக் கட்டப் பாடம் எடுத்துப் பழகியவள்.

அவள் பாடத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது, எந்த மாநாடு எங்கே கூடியது, எந்தச் சட்டத்தில் எதைத் திருத்தினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வருகிற ஒவ்வொரு புது வகுப்பிடமும் முதல் நாள் ஒன்றைச் சொல்லிவிடுவாள்.

“ஒரு வருஷம்தான் கணக்கு. அதுக்கு முன்னாடி பூகம்பமே வந்திருந்தாலும் மறந்துடுங்க. கேக்க மாட்டாங்க.”

பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

பாடம் எடுக்க வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. அதிகாரியாக வேண்டும் என்றுதான் படித்தாள். அவள் நினைத்ததைவிட அவள் அண்ணன் அதிகம் நினைத்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, தங்கையை வளர்த்து ஆளாக்கியது அவன்தான். காகித ஆலையில் பாய்லர் ஓட்டுகிற வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது மேனேஜர் அறையில் படித்துப் போட்ட செய்தித்தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவான். வியர்வையில் எழுத்து கலங்கியிருக்கும். சாப்பிட உட்கார்ந்ததும் கேள்வி தொடங்கிவிடும்.

“ஆபீசரம்மா, இதுக்கு பதில் சொல்லுங்க. உலக வங்கித் தலைவர் யாரு?”

அவள் சொல்லுவாள். சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியாது. முழித்துவிட்டு, “சரிதான்” என்பான். வெளிநாட்டுப் பெயர்களை அவன் வாசிக்கிற அழகில் அண்ணிக்குப் புரையேறும். “சோத்தை முடிச்சுட்டு உலகத்தைச் சுத்துங்க, அதுக்குள்ள அது எங்கேயும் ஓடிடாது” என்பாள்.

அந்த வருடம் மழைக்காலம் முழுவதும் அண்ணன் சாப்பாட்டின்போது கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டான். வேறொரு பேச்சு வந்துவிட்டது.

“சேப்டி வால்வு சரியில்ல. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. சூப்பர்வைசர் கேக்கவே மாட்டேங்கிறான்.”

“நிறுத்திட்டு வந்துட வேண்டியதுதானே?” என்றாள் அண்ணி.

“நிறுத்தினா அடுத்த நிமிஷம் வேற ஆளை நிறுத்துவான். அவனுக்கு அந்த பாய்லரோட குணம் தெரியாது. நான்னா கொஞ்சம் பார்த்து ஓட்டுவேன்.”

பார்த்துத்தான் ஓட்டினான். ஒரு காலை நேரத்தில் பாய்லர் வெடித்தது. அண்ணனும் அவனோடு நின்ற இரண்டு பேரும் போனார்கள். ஆலைக் கூரை தெருவில் வந்து விழுந்தது. அண்ணன் மகளுக்கு அப்போது பால்பற்கள் விழத் தொடங்கியிருந்தன.

அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அண்ணியைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அவளும் துணைக்குப் போனாள். மின்விசிறி ஓடுகிற பெரிய அறை, நீளமான மேசை. வால்வு பழுது என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்ததாக அண்ணி சொன்னாள்.

“அந்த வால்வை நீங்க பார்த்திருக்கீங்களாம்மா?” என்று கேட்டார் ஒருவர்.

“நான் எங்கேங்க பார்த்தேன்? அவர் சொன்னாரு.”

“பார்த்ததில்ல” என்று அவர் பக்கத்தில் எழுதுகிறவரிடம் சொன்னார். அவர் அதை எழுதிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அறிக்கை வந்தது. விபத்துக்குக் காரணம் இயக்குபவரின் கவனக்குறைவு என்று அதில் இருந்தது. ஆலைகளின் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வேண்டும் என்று குழு பரிந்துரைக்க, சட்டமும் வந்தது. பத்திரிகைகள் பாராட்டின. கூட இறந்த இருவரின் வீட்டார் தெருவில் அண்ணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணி தையல் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நாத்தனாரைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

“நீ படிப்பை விட்டுடாதே. அவர் ஆசைப்பட்டது அது ஒண்ணுதான்.”

அவள் விடவில்லை. வயது வரம்பு அனுமதித்த கடைசி முறையில் எழுத்துத் தேர்வில் தேறினாள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அண்ணி தன் புடவைகளில் நல்லதைத் தேய்த்துக் கொடுத்தாள். பயிற்றுநர் பல தடவை சொல்லி அனுப்பினார்: “அரசாங்க அறிக்கையை எதிர்த்துப் பேசிடாதே. அதிகாரியாகப் போறவ, அதை ஞாபகம் வச்சுக்கோ.”

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் சாந்தமான மனிதர், தண்ணீர் குடிக்கச் சொன்னார். பொருளாதாரம் கேட்டார்கள், நதிநீர் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னாள். பிறகு தலைவர் அவள் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “உங்க ஊர் ஆலை விபத்து பெரிய செய்தியாச்சே. அதுக்குக் காரணம் என்ன?” என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டார்.

“பாய்லர் இயக்குபவரின் கவனக்குறைவு என்று விசாரணைக் குழு கண்டறிந்தது ஐயா.”

குரல் நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு உடம்பு கூசியது.

ஓரத்தில் இருந்த பெண்மணி மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கினாள். “குழு சொன்னது இருக்கட்டும். உங்களுக்கு அதுல வேற அபிப்பிராயம் ஏதாவது இருக்கா? தைரியமாச் சொல்லுங்க.”

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதுபோல அந்தப் பெண்மணி காத்திருந்தாள். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே வால்வைப் பற்றிச் சொன்னதெல்லாம் தொண்டைவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

“இல்லைங்கம்மா. அறிக்கை சரின்னுதான் நினைக்கிறேன்.”

“நல்லது” என்றார் தலைவர். பெண்மணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினாள்.

பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ‘என்னென்ன கேட்டாங்க?’ என்று அண்ணி துருவியபோது, “பொருளாதாரம், நதிநீர்” என்றாள். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மையத்தில் வேலை கிடைத்தது. கல்யாணப் பேச்சுகள் வந்தன, தட்டிப்போயின, பிறகு வரவில்லை. ஒரே வீட்டில் நாத்தனாரும் அண்ணியுமாக அண்ணன் மகளை வளர்த்தார்கள். ஆலை விபத்து வருடம் கடந்து பாடத்திலிருந்து உதிர்ந்துபோனது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அப்படி ஒரு நிம்மதி இருப்பதை அவள் தன்னிடமே ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணன் மகள் பட்டம் முடித்தாள். அவளும் அதே தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்றாள். வேறெங்கு சேர்ப்பது? அத்தையின் மையத்திலேயே சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்களைப் போல ‘மேடம்’ என்று கூப்பிடுவாள். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே ‘அத்தே’ என்று ஆரம்பித்துவிடுவாள்.

வேறொரு ஊரில், வேறொரு ஆலையில் பாய்லர் வெடித்தது அந்தச் சமயத்தில்தான். பழைய சட்டம் மறுபடி செய்திக்கு வந்தது. பழைய விபத்தும் வந்தது. மைய உரிமையாளர் வாசலில் நின்றபடியே சொன்னார்:

“மேடம், இது கட்டாயம் கேள்வி வரும். முதல் விபத்து, குழு, காரணம், சட்டம், வரிசையா நடத்திடுங்க.”

மற்றொரு ஆசிரியரை எடுக்கச் சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று படுத்திருக்கலாம். அவள் நடத்தினாள். பலகையில் எழுதினாள். ‘காரணம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘இயக்குபவரின் கவனக்குறைவு’ என்று எழுதினாள். முதுகுக்குப் பின்னால் பேனாக்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

“மேடம்.”

திரும்பாமலே யார் என்று தெரிந்துவிட்டது.

“அது உண்மையா மேடம்?”

வகுப்புக்கு ஒன்றும் புரியவில்லை. சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“உண்மையா இல்லையான்னு கேள்வி வராது” என்றாள் நடப்பு. “அறிக்கை என்ன சொல்லுதுன்னுதான் வரும்.”

முன் வரிசையில் ஒருவன் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டான். அண்ணன் மகள் பேனாவை மூடினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெண் நேராக வந்து அத்தையின் முன்னால் நின்றாள்.

“உங்க இன்டர்வியூலயும் இதைக் கேட்டாங்களா?”

இத்தனை வருடம் ஒருவரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. நேராகக் கேட்டால் மழுப்பத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

“கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“அறிக்கையில இருக்கிறதைச் சொன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“உனக்கு வேற அபிப்பிராயம் இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்.”

அண்ணி கத்தவில்லை. கையிலிருந்த துணியை ஓரம் பார்த்து மடித்து, அடுக்கின்மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள்.

“வேலையாவது கிடைச்சிருந்தா பரவாயில்ல” என்றாள்.

அதற்குமேல் அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சில்லை. சண்டையிருந்தால்கூட என்றைக்காவது தீர்ந்திருக்கும். சோறு போட்டார்கள், உடம்புக்கு வந்தால் மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண் வீட்டிலும் ‘மேடம்’ என்றே கூப்பிடத் தொடங்கினாள். முதல் தடவை கேட்டபோது வாய் தவறிவிட்டது என்று அத்தை நினைத்துக்கொண்டாள்.

பெண் மையத்தை விட்டு நின்று, நூலகத்தில் உட்கார்ந்து தானாகப் படித்தாள். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. அன்று மதியமே மையத்தின் விடைக்குறிப்பு வெளியாக வேண்டும். அந்தக் கேள்விக்கு நேரே சரியான விடையைக் குறித்துக் கொடுத்தவள் நடப்புதான். அண்ணன் மகள் எதைக் குறித்தாள், குறித்தாளா விட்டாளா என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்கே பட்டது.

அந்தப் பெண் தேறினாள். நேர்முகமும் தாண்டினாள். பணியிட உத்தரவு வந்த வாரத்திலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அண்ணி போகும்போது சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டிவிட்டுப் போனாள், ஏதோ வாடகைக்கு வருகிறவளுக்குக் காட்டுவதுபோல.

மைய உரிமையாளருக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம மேடம் வீட்டுப் பொண்ணு! பாராட்டு விழா வச்சே ஆகணும். நீங்களே ஒரு வார்த்தை பேசுங்க” என்று தொலைபேசியை நீட்டினார்.

அவள் பேசினாள். மறுமுனையில் குரல் மரியாதையாகவே இருந்தது.

“மன்னிச்சுக்கோங்க மேடம். நான் அங்க கொஞ்ச நாள்தானே படிச்சேன். என் பேரைப் போட வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“அம்மா நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்க மேடம். மீட்டிங் இருக்கு, வச்சிடட்டுமா?”

உரிமையாளர் ஆவலோடு பார்த்தார். “என்ன சொன்னாங்க?”

“வேலை அதிகமாம். வர முடியாதாம்.”

“வராட்டி போகட்டும், படம் போதும்” என்றார் அவர். மையத்தின் சேர்க்கை விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்தைப் பெரிதாக்கி, டயர் கடைக்கு மேலே, படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் மாட்டிவிட்டார். கீழே ‘எங்கள் வெற்றி’ என்று எழுதியிருந்தது.

புது வகுப்பில் கூட்டம் நெரிந்தது. பின்வரிசையில் இடமில்லாமல் நின்றார்கள். நடப்பு பலகையைத் துடைத்துவிட்டு, அந்த மாதத்துச் செய்திகளை ஆரம்பித்தாள்.