சாக்கடைத் தண்ணீருக்கு ஐஸ்

போன வாரம் திங்கட்கிழமை காலை, ஐஸ் நிரப்பிய பிளாஸ்டிக் வாளியோடு மயிலாப்பூரில் ஆட்டோ ஏறினேன்.

"இன்னா சார், மீனா?" என்றார் டிரைவர்.

"இல்லப்பா... சாக்கடைத் தண்ணி."

"சாக்கடைக்கு ஐஸா! எங்க வூட்ல குடிக்கிற தண்ணிக்கே ஐஸ் கெடையாது நைனா!"

சிரிக்கட்டும். எனக்கு ஒன்பதரைக்குள் அடையாறு லேபுக்குப் போயாக வேண்டும்.

எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம். அதன் சமையல்கட்டுக் கழிவுநீர் எங்கள் காம்பவுண்டை ஒட்டிய குழியில் விழுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் கிணறு. முகூர்த்த நாளுக்கு மறுநாள் பாத்ரூம் பக்கெட்டில் ரச வாசனை! தண்ணீர் லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்கிற ஊரில் இந்தக் கிணற்றையும் விட்டுவிட்டு எங்கே போவது? மண்டபத்து மேனேஜரோ, "சும்மா அலம்புற தண்ணிதான் சார்" என்று சாதித்தார்.

சரி, டெஸ்ட் செய்து நிரூபிப்போம் என்று முடிவு செய்தோம். பொறுப்பேற்றவர் எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி சேஷாத்ரி மாமா. நல்ல மனிதர் - நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, முகூர்த்தம் முடிந்து பாத்திரம் கழுவும்போது பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். உடனே கிளம்பினாரா? பத்தரைக்கு ராகுகாலம்! அது போனதும் சாப்பாடு, பிறகு தூக்கம். சாயங்காலம் லேப் மூடிவிட்டது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மறுபடி ராகுகாலம்... அடிக்கிற வெயிலில் பாட்டில் ஜன்னலோரம் காத்திருந்தது.

ரிப்போர்ட் வந்தது. அப்படியொன்றும் மோசமில்லையாம்! மேனேஜர் அதை ஃபிரேம் போட்டு மாட்டாத குறை. எனக்கு வந்த கோபத்தில் நேராக லேபுக்கே போனேன்.

அங்கே கெமிஸ்ட் வசந்தா பொறுமையாகச் சொன்னார். "தண்ணில இருக்கிற சாம்பார், எண்ணெய் எல்லாத்தையும் கிருமிங்க தின்னும் சார். தின்னும்போது ஆக்ஸிஜனை இழுக்கும். எவ்வளவு இழுக்குதுன்னு அளக்கிறதுதான் இந்த டெஸ்ட். குளிர் நாட்டுல இருபது டிகிரில அஞ்சு நாள் வைப்பாங்க. நம்ம ஊருக்கு இருபத்தேழு டிகிரி, மூணே நாள். சூட்டுல அதுங்களுக்குப் பசி ஜாஸ்தி. நீங்க ஒரு நாள் ஜன்னல்ல வெச்சிட்டீங்க... பந்தி அங்கேயே பாதி முடிஞ்சிருக்கும். நாங்க அளந்தது மிச்சத்தைத்தான்."

"அப்ப என்ன செய்யணும்?"

"ஐஸ்ல வெச்சு உடனே கொண்டாங்க. கிருமிக்கு ராகுகாலம் எல்லாம் கிடையாது."

அடுத்த முகூர்த்தம் திங்கட்கிழமை. டிபன் பாத்திரம் கழுவுவது எட்டு மணிக்கு - ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம்! "போயும் போயும் இந்த நேரத்துலயா எடுத்துண்டு போவேள்?" என்று மாமா பதறினார். இந்த முறையும் கோட்டை விட்டால் கிணற்றை மூடிவிடுவது என்று அசோசியேஷனில் பேச்சு. யார் தடுத்தாலும் நிற்பதாக இல்லை. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கினேன், ஆட்டோவைப் பிடித்தேன்.

வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தது. முதல் ரிப்போர்ட்டைப் போல் பல மடங்கு! மறுநாள் காலை நானும் மாமாவும் அதை மேனேஜர் மேஜையில் வைத்தோம்.

படித்தவர் முகம் மாறியது. "சீசன் முடியட்டும் சார், குழியை மாத்திடறோம்."

"அதுவரைக்கும் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஐஸ் வாளியோட வருவேன். ரிப்போர்ட் கார்ப்பரேஷனுக்குப் போகும்" என்றேன்.

"சரி, சரி... நல்ல நேரமாப் பார்த்து மேஸ்திரியைக் கூப்பிடறேன்."

மாமா மேஜையைத் தட்டினார். "கிருமி பஞ்சாங்கம் பாக்கறதில்லே ஓய்! இப்பவே கூப்பிடும்!"

நான் வாட்ச்சைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, பத்தே முக்கால் - அசல் ராகுகாலம்!