குழி கேட்ட மனு

நெசவாளர்களுக்கு அரசு கட்டப்போகும் வீடுகளின் வரைபடத்தை எங்கள் தெருவில் காட்டினார்கள். கூடம், சமையலறை, கழிவறை எல்லாம் இருந்தன. தறிக்குழிக்கு மட்டும் இடமில்லை. குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து தறியை மிதித்தால்தான் எங்களால் சேலை நெய்ய முடியும். அதை ஒரு பக்கத்துக்கு எழுதி எம்எல்ஏவிடம் கொடுத்தேன். நாங்கள் சும்மா 'குழி' என்றுதான் சொல்வோம். மனுவிலும் அப்படியே எழுதிவிட்டேன்.

கேள்வி நேரத்தன்று தறியில் உட்கார்ந்தபடியே செல்போனில் சட்டமன்றத்தைப் பார்த்தேன். எம்எல்ஏ என் காகிதத்தோடு எழுந்தார். "சுருக்கமா கேளுங்க" என்றார் சபாநாயகர்.

"நெசவாளர் குடியிருப்பில் குழிப் பிரச்சினை இருக்கிறது. அமைச்சர் கவனிப்பாரா?"

அமைச்சர் யோசிக்கவே இல்லை. "எல்லாக் குழிகளும் இந்த மாதத்துக்குள் மூடப்படும்" என்றார். மேசைகளைத் தட்டினார்கள். எம்எல்ஏவும் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், நாங்க குழி வேணும்னு கேட்டுக்கினு இருக்கோம்யா!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். பிறகு யோசித்தால், அவர்கள் நடக்கிற வழியில் குழி என்றால் மூட வேண்டியதுதான்.

துணைக் கேள்வி கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்குத்தான் உண்டு. எனக்கும் ஒன்று இருந்தது: மூடுவதற்கு முன்னால், காலை எடுத்துக்கொள்ளச் சொல்வீர்களா?