மாமாவின் முதுகில் இரண்டு கட்டங்கள்

என் அக்காவுக்கு வெயில் என்றாலே ஜென்ம விரோதி. நாங்கள் இருவரும் முகப்பூச்சு தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறோம். நான் டியூபில் கிரீம் நிரப்புகிறவன். அவள் ஆய்வகத்தில் இலையையும் பழத்தோலையும் ஊறவைத்துச் சாறு எடுக்கிறவள். "இதெல்லாம் எதுக்குக்கா?" என்று வாய் தவறிக் கேட்டால் போச்சு, நம் சாப்பாடு ஆறிவிடும்.

"செடியால நிழலுக்கு ஓட முடியுமாடா? நாள் பூரா வெயில்லயே நிக்குது. அதனால புற ஊதாக் கதிரைத் தாங்க உள்ளேயே சில பொருளை உண்டாக்கிக்குது. அதை எடுத்து நம்ம தோலுக்குக் கொடுத்தா என்னவாம்?"

பச்சைத் தேயிலையிலும் திராட்சைத் தோலிலும் எடுத்த சாறுதான் அவளுக்கு உயிர். அது கலந்த கிரீம், கலக்காத கிரீமைவிட ஒரு படியாவது மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிட்டு அவளைச் சோப்புப் பிரிவுக்கு அனுப்புவதாக முதலாளியம்மா சொல்லிவிட்டார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

சோதனைக்கு முதுகு கொடுக்க வந்தவர் அவள் கணவர், என் மாமா. நீச்சல் குளத்தில் மாஸ்டர். அங்கே பிள்ளைகளை அதட்டுகிற அதட்டல் தெருவுக்கே கேட்கும். அக்கா முன்னால் பெட்டிப் பாம்பு. சட்டையைக் கழற்றிக் கட்டிலில் குப்புறப் படுத்தார். ஜன்னல் பக்கம் சாறு கலந்தது, கதவுப் பக்கம் கலக்காதது என்று முதுகில் இரண்டு கட்டம் தடவி, அதையே சீட்டில் எழுதிக்கொண்டாள் அக்கா. புற ஊதா விளக்கை இழுத்தால், வயர் எட்டவில்லை.

"ஏங்க, தலையைக் கால்மாட்டுல வச்சு மாறிப் படுங்க."

மாறிப் படுத்தார். தோல் லேசாகச் சிவக்கும் அளவுக்கு விளக்கு எரிந்தது.

மறுநாள் அதே மாதிரி கால்மாட்டில் தலை வைத்துப் படுக்க வைத்துப் பார்த்தோம். ஜன்னல் பக்கக் கட்டம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கதவுப் பக்கம் பெயருக்குத்தான் சிவப்பு. அக்கா சீட்டைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"ஏம்மா அழறே? என் முதுகு அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"போங்க, நான் சோப்புக்கே போறேன். என் சாறு தோத்துப்போச்சு."

"நீ முதல்ல மச்சத்தைச் சுத்தித் தடவினியே, கூசிச்சே, அது என்ன?"

"அதான் சாறு."

"அந்தப் பக்கம் சொகமா இருக்கும்மா. இந்தப் பக்கம்தான் எரியுது."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தாள். மச்சம் கதவுப் பக்கத் தோளில் இருந்தது! ஆள் மாறிப் படுத்தால் முதுகும் மாறிவிடும், ஜன்னல் மாறுமா?

"ஜன்னலை நம்பி முதுகைக் கோட்டை விட்டுட்டியேக்கா!" என்றேன். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

மச்சத்தின் வாக்குமூலம் மட்டும் போதாது, மறுபடி செய் என்றார் முதலாளியம்மா. சிவப்பு ஆறியதும் மாமா சிரித்துக்கொண்டே குப்புறப் படுத்தார். இந்த முறை சீட்டில் 'மச்சமுள்ள தோள்' என்று எழுதினாள். மறுநாள் அந்தத் தோள்தான் ஜெயித்தது. சோப்புப் பிரிவுக்கு வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள்.

"இனிமே எனக்கு வெயிலாவது ஒண்ணாவது" என்று கிளம்பிய மாமாவின் தலையில் அக்கா தொப்பியை அழுத்தினாள். "சாறு துணைக்குத்தான். தொப்பியும் சட்டையும் எங்கேயும் போகல."

குளத்தில் இறங்கச் சட்டையைக் கழற்றியதும் பிள்ளைகள் கெக்கலித்தார்களாம்: "மாஸ்டர், முதுகுல என்ன கட்டம்?"

"என் பொண்டாட்டி ஜெயிச்ச இடம்டா" என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் குதித்தாராம் மாமா.